வெள்ளணுக்கள் பிடிப்பதும் விடுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கல்லூரிகளில் உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், மருத்துவ ஆய்வக நுட்பம் ஆகியவற்றைப் பயிலும் மாணவர்கள் நோய் எதிர்ப்பியலில் தடுமாறும் இடங்களுள் ஒன்று, வெள்ளணுக்கள் திசுப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் பகுதி. பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் அதை ஓர் அட்டவணையாகத் தந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகின்றன. எந்த ஏற்பி (செல்லின் மேற்பரப்பில் இருந்து பிறவற்றைப் பற்றும் புரதம்) எந்தப் புரதத்தைப் பிடிக்கும் என்று மனப்பாடமாகச் சொல்பவர்களுக்கும், அந்தப் பிடி எப்போது இறுகுகிறது, எதனால் இறுகுகிறது என்பது தெரிவதில்லை. என் பார்வையில் பாடத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் கேட்டவற்றோடு, கைக்குழந்தை வைத்திருக்கும் பெற்றோரும் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துக் குழம்பியவர்களும் கேட்ட கேள்விகள் சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

செல்களுக்கு வெளியே இருக்கும் புரத வலை என்பது எது?

நம் திசுக்கள் செல்களால் மட்டும் ஆனவை அல்ல. செல்களுக்கு இடையேயும் அவற்றுக்கு அடியிலும், செல்களே சுரந்து அமைத்த ஒரு வலை இருக்கிறது. தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவைத் தருவது கொலாஜன். இரத்தக் குழாய்களின் உட்செல்களுக்கும் தோலின் மேற்செல்களுக்கும் அடியில் விரிந்திருக்கும் மெல்லிய அடித்தளச் சவ்வில் லேமினினும் நான்காம் வகைக் கொலாஜனும் மிகுதி. காயம் பட்ட இடத்திலும் அழற்சி உள்ள இடத்திலும் குவிவது ஃபைப்ரோனெக்டின். இவை தவிர ஹையலூரோனிக் அமிலம் போன்ற சர்க்கரைச் சங்கிலிகளும் உண்டு. அவற்றைப் பற்றும் சிடி44 என்னும் ஏற்பி தனிப் பாடம் என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன்.

இரத்தத்தில் மிதந்து திரியும் செல்லுக்கு ஒட்டிக்கொள்ளும் வேலை எதற்கு?

கல்லீரல் செல் பிறந்த இடத்திலேயே வாழ்ந்து முடிகிறது. வெள்ளணுவின் வாழ்க்கை அப்படிப்பட்டதல்ல. எலும்பு மஜ்ஜையில் தோன்றி, இரத்தத்தில் ஓடி, குழாய்ச் சுவரைக் கடந்து, திசுவுக்குள் நடந்து, கிருமி இருக்கும் இடத்தில் நின்று வேலை செய்யவேண்டியது அது. ஓடும்போது எதன்மீதும் ஒட்டக்கூடாது; நிற்கவேண்டிய இடத்தில் விலகவும் கூடாது. ஒரே செல் இவ்விரண்டையும் செய்யவேண்டியிருப்பதால், அதன் பிடிமானம் நொடிக்கு நொடி மாற்றக்கூடியதாக அமைந்திருக்கிறது.

இதைச் செய்யும் மூலக்கூறு எது?

முதன்மையானது இன்டெக்ரின் குடும்பம். ஆல்ஃபா, பீட்டா என்னும் இரு சங்கிலிகள் இணைந்து ஓர் இன்டெக்ரின் ஆகிறது. மனிதரில் 18 ஆல்ஃபா சங்கிலிகளும் 8 பீட்டா சங்கிலிகளும் சேர்ந்து 24 வகைகளைத் தருகின்றன. திசுப் புரதங்களைப் பிடிப்பதில் பெரும்பங்கு பீட்டா-1 பிரிவுக்கு உரியது. விஎல்ஏ-1, விஎல்ஏ-2 ஆகியவை கொலாஜனையும், விஎல்ஏ-4, விஎல்ஏ-5 ஆகியவை ஃபைப்ரோனெக்டினையும், விஎல்ஏ-6 லேமினினையும் பற்றுகின்றன. வெள்ளணுக்களுக்கே உரிய பீட்டா-2 பிரிவு, எல்எஃப்ஏ-1 வழியாகப் பிற செல்களின் மேலுள்ள ஐகேம்-1 புரதத்தையும், மேக்-1 வழியாக ஃபைப்ரினோஜன் முதலானவற்றையும் பிடிக்கிறது. இத்துறையை வளர்த்தெடுத்த ரிச்சர்ட் ஹைன்ஸ், எர்க்கி ரூஸ்லாட்டி, திமோத்தி ஸ்பிரிங்கர் ஆகிய மூவருக்கும் 2022-ஆம் ஆண்டு லாஸ்கர் விருது வழங்கப்பட்டது.

பிடி இறுகும்போது ஏற்பிகளின் எண்ணிக்கை கூடுகிறதா, இருக்கும் ஏற்பிகளே வலுவாகப் பிடிக்கின்றனவா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டும் நடக்கின்றன, ஆனால் வெவ்வேறு கால அளவில் நடக்கின்றன.

1990-இல் ஷிமிசு, ஷா முதலியோர் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. ஏற்கெனவே ஒரு கிருமியைச் சந்தித்துப் பழகிய நினைவு டி செல்களில் (டி செல் என்பது ஒருவகை வெள்ளணு), இன்னும் கிருமி எதையும் சந்திக்காத கன்னி டி செல்களில் இருப்பதைவிட மூன்று நான்கு மடங்கு மிகுதியாக விஎல்ஏ-4, விஎல்ஏ-5, விஎல்ஏ-6 ஆகியவை காணப்பட்டன; ஃபைப்ரோனெக்டினையும் லேமினினையும் அவை அதற்கேற்ப நன்றாகப் பற்றின. இது நாட்கணக்கில் உருவாகி நிலைத்துவிடும் மாற்றம். இதற்கு மேல் இன்னொன்றையும் அவர்கள் கண்டார்கள். ஓய்வில் இருக்கும் டி செல்லின் மேற்பரப்பில் ஏற்பிகள் இருந்தும் பிடிமானம் சொற்பமாகவே இருந்தது. அதே செல்லை டி செல் ஏற்பி வழியாகத் தூண்டியவுடன், ஏற்பிகளின் எண்ணிக்கை கூடாமலேயே பிடிமானம் சட்டென்று பன்மடங்கு ஏறியது. இது நிமிடக்கணக்கில் நடக்கும் மாற்றம். இதற்கு முந்தைய ஆண்டில் டஸ்டின், ஸ்பிரிங்கர் ஆகியோர் எல்எஃப்ஏ-1 பற்றிச் செய்த ஆய்வில், இவ்வாறு ஏறிய பிடிமானம் சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் தானாகவே தணிவதும் தெரியவந்திருந்தது.

ஆகவே தேர்வில் “தூண்டப்பட்ட டி செல்லில் இன்டெக்ரின்கள் அதிகரிக்கின்றன” என்று எழுதினால் அது பாதி விடைதான். செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு அவற்றின் மேலுள்ள புரதங்களை அளக்கும் ஓட்டச் செல்லளவியில் விஎல்ஏ-4 மிகுதியாகத் தெரிகிறது என்பதை வைத்து, அந்தச் செல் ஃபைப்ரோனெக்டினைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டவும் கூடாது. ஏற்பி இருப்பது வேறு, ஏற்பி வேலை செய்வது வேறு.

செல்லின் உள்ளே அப்போது என்னதான் நடக்கிறது?

ஓய்வு நிலையில் இன்டெக்ரின் மூலக்கூறு மடங்கி, தன் தலையைச் செல் சவ்வை நோக்கித் தாழ்த்தி இருக்கிறது. 2001-இல் வெளியான படிக அமைப்புப் படத்தில் இந்த மடங்கிய வடிவத்தைக் கண்டபோது ஆய்வாளர்களே வியந்தனர். வெள்ளணுக்களை அழைக்கும் சமிக்ஞைப் புரதமான கீமோகைனின் ஏற்பியிலிருந்தோ டி செல் ஏற்பியிலிருந்தோ சமிக்ஞை வந்ததும், ரேப்-1 என்னும் சிறு புரதம் விழித்துக்கொண்டு, டேலின் என்னும் புரதத்தைச் சவ்வின் உட்பக்கத்துக்கு வரவழைக்கிறது. டேலினின் தலைப்பகுதி, பீட்டா சங்கிலியின் வால் சைட்டோபிளாசத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் போய் இணைகிறது. கிண்ட்லின்-3 அதே வாலின் வேறோர் இடத்தில் இணைந்து துணை செய்கிறது. ஒட்டியிருந்த ஆல்ஃபா, பீட்டா கால்கள் இதனால் விலக, மூலக்கூறு நிமிர்ந்து ஏறத்தாழ 20 நானோமீட்டர் உயரத்துக்கு எழும்பித் தன் தலையைத் திறக்கிறது. உள்ளிருந்து வெளியே செல்லும் சமிக்ஞை என்று பாடத்தில் சொல்வது இதைத்தான். கீமோகைன் தூண்டும்போது இந்த முழு நிகழ்வும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுகிறது.

நிமிர்ந்த இன்டெக்ரின்கள் ஒரே இடத்தில் கூட்டமாகச் சேர்வது அடுத்த படி. ஒவ்வொரு பிணைப்பும் தனித்துப் பார்த்தால் வலுக்குறைந்ததுதான். பல பிணைப்புகள் சேரும்போதுதான் செல் நிற்கிறது. இரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 300 மைக்ரோகிராம் ஃபைப்ரோனெக்டின் கரைந்தே இருக்க, வெள்ளணுக்கள் அதில் சிக்கிக்கொள்ளாதது ஏன் என்று கேட்பவர்களுக்கும் விடை இதுவே. கரைந்த நிலையில் உள்ள ஃபைப்ரோனெக்டின் சுருண்டு, தனித்தனியாகத் திரிகிறது. திசுவில் அது இழைகளாகக் கோக்கப்பட்டு, பிடிமான இடங்களைப் பல ஏற்பிகளுக்கு ஒரே நேரத்தில் அருகருகே காட்டுகிறது.

ஃபைப்ரோனெக்டினைப் பிடிக்க விஎல்ஏ-4, விஎல்ஏ-5 என இரண்டு எதற்கு?

இரண்டும் அந்த நீண்ட புரதத்தின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கின்றன. ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வரும் சிறு தொடரை விஎல்ஏ-5 பற்றுகிறது. இத்தொடரைப் பியர்ஷ்பாக்கர், ரூஸ்லாட்டி ஆகியோர் 1984-இல் கண்டறிந்தனர். விஎல்ஏ-4 பிடிப்பது சிஎஸ்-1 எனப்படும் வேறொரு பகுதியில் உள்ள லியூசின், அஸ்பார்டிக் அமிலம், வாலின் என்னும் தொடரை. விஎல்ஏ-4 இரத்தக் குழாய் உட்செல்களின் மேலுள்ள விகேம்-1 புரதத்தையும் பிடிப்பதால், குழாய்ச் சுவரிலும் திசுவிலும் அதற்கு வேலை இருக்கிறது.

நம் வறண்ட நிலத்து மாணவர்கள் அறியவேண்டிய ஒரு செய்தி இங்கே உண்டு. சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் கல்லிடுக்குகளிலும் முள்காட்டிலும் திரியும் சுருட்டை விரியனின் நஞ்சில் எக்கிஸ்டாட்டின் என்ற 49 அமினோ அமிலப் புரதம் இருக்கிறது. அதிலும் அதே ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலத் தொடர் உள்ளது. இரத்தத் தட்டணுக்களின் இன்டெக்ரினை அது அடைத்துவிடுவதால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று சேர முடியாமல் போகின்றன. இதை ஆராய்ந்தே, மாரடைப்புச் சிகிச்சையில் பயன்படும் டைரோஃபிபான் மருந்து உருவாக்கப்பட்டது. வெள்ளணு, தட்டணு, பாம்பு நஞ்சு மூன்றும் ஒரே மூன்றெழுத்துத் தொடரில் சந்திக்கின்றன என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை.

பிடித்த செல் எப்படி விடுகிறது?

பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் தவறவிடும் கேள்வி இது. பனை ஏறுபவர் காலில் தளைநாரும் கையில் மரமுமாக, ஒரு பிடியை இறுக்கிய பிறகே மற்றொன்றைத் தளர்த்தி மேலே போகிறார். இரண்டையும் இறுக்கினால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டியதுதான், இரண்டையும் விட்டால் விழவேண்டியதுதான். நகரும் வெள்ளணுவின் முன்பக்கமும் பின்பக்கமும் அப்படித்தான் ஒன்றையொன்று பார்த்து வேலை செய்கின்றன. முன்பக்கத்தில் டேலின் இணைந்து இன்டெக்ரின் நிமிர்கிறது. பின்பக்கத்தில் கால்பெய்ன் என்னும் நொதி டேலினை வெட்டுகிறது, மயோசின் என்னும் இயக்கப் புரதம் இழுக்கிறது, விடுபட்ட இன்டெக்ரின்கள் செல்லுக்குள் உறிஞ்சப்பட்டு மீண்டும் முன்பக்கத்துக்கு அனுப்பப்படுகின்றன.

ஆனால் எல்லா நேரத்திலும் பிடித்துத்தான் நடக்கவேண்டும் என்பதில்லை. 2008-இல் ஜெர்மனியில் லேமர்மன், சிக்ஸ்ட் குழுவினர் எல்லா இன்டெக்ரின்களும் நீக்கப்பட்ட டென்ட்ரைட்டிக் செல்களை (ஒருவகை வெள்ளணுக்களை) எலியின் திசுவுக்குள் கவனித்தபோது, அவை கிட்டத்தட்ட இயல்பான வேகத்திலேயே நகர்ந்தன. முப்பரிமாண வலைக்குள் செல் தன் உடலை முன்னே பெருக்கி, இடுக்குகளில் பிதுங்கி முன்னேறுகிறது. நிணநீர்க் கணுவுக்குள் டி செல்கள் நிமிடத்துக்கு 10 மைக்ரான் அளவில் விரைவதும், திசுவை இறுகப் பற்றி நகரும் ஃபைப்ரோபிளாஸ்ட் (வலைப் புரதங்களைச் சுரக்கும் திசுச் செல்) அதில் பத்தில் ஒரு பங்கு வேகத்தைக்கூட எட்டாததும் இதனால் விளங்கும். எனவே திசுவுக்குள் இன்டெக்ரின் பிடியின் முக்கியப் பயன், நடப்பதைவிட நிற்பதில் இருக்கிறது என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. நுரையீரலில் இன்ஃப்ளூயன்சாவுக்குப் பிறகு தங்கிவிடும் நினைவு டி செல்கள் விஎல்ஏ-1 கொண்டு கொலாஜனைப் பற்றியே அங்கே குடியிருக்கின்றன.

பற்றிக்கொண்ட பிறகு செல்லுக்கு அதனால் ஏதேனும் செய்தி கிடைக்கிறதா?

கிடைக்கிறது. இன்டெக்ரின் வழியாக வெளியிலிருந்து உள்ளேயும் சமிக்ஞை செல்கிறது. டி செல் ஏற்பியை மட்டும் தூண்டும்போது பெருகாத டி செல்கள், ஃபைப்ரோனெக்டினையும் சேர்த்துப் பற்றும்போது பெருகுகின்றன.

ஸ்டீராய்டு எடுத்த பின் வெள்ளணு எண்ணிக்கை ஏறிவிட்டது. கிருமித் தொற்றா?

ஆஸ்துமாவுக்கோ ஒவ்வாமைக்கோ ஸ்டீராய்டு எடுத்தவர்கள் மறுநாள் இரத்தப் பரிசோதனை செய்தால் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு வகையின் எண்ணிக்கை ஏறியிருப்பது இயல்பு. குழாய்ச் சுவரோரம் ஒட்டியும் உருண்டும் இருந்த நியூட்ரோஃபில்கள் பிடியை விட்டு ஓட்டத்தில் கலப்பதும், மஜ்ஜையிலிருந்து கூடுதலாக வெளிவருவதும் காரணங்கள். கடுமையான உடற்பயிற்சியின்போதும் அட்ரினலினால் இதே போன்று நடக்கிறது. ஆகவே வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஓடி முடித்த கையோடு ஆய்வகத்துக்குப் போய் இரத்தம் கொடுக்கவேண்டாம். இது திசு வலையைப் பற்றும் பிடி அல்ல, குழாய்ச் சுவரைப் பற்றும் பிடி என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளவேண்டும். காய்ச்சலோ வேறு அறிகுறியோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுவதே முறை. ஸ்டீராய்டு எடுத்ததை அவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

குழந்தைக்கு ஒரு மாதமாகியும் தொப்புள்கொடி விழவில்லை. இதற்கும் வெள்ளணுவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு, ஆனால் பதற்றம் வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓரிரு வாரங்களில் கொடி விழுந்துவிடும். தாமதமாகும் குழந்தைகளிலும் பெரும்பாலோருக்கு வேறு கோளாறு எதுவும் இருப்பதில்லை. இருப்பினும், கொடி விழாமல் இருப்பதோடு தொப்புளைச் சுற்றிச் சிவந்து புண்ணாவது, புண்ணில் சீழே கட்டாதது, வெள்ளணு எண்ணிக்கை மிக உயர்ந்திருப்பது, தொற்று திரும்பத் திரும்ப வருவது ஆகியவை சேர்ந்து வந்தால், வெள்ளணு ஒட்டுதல் குறைபாடு என்னும் அரிய பிறவி நோயை மருத்துவர் நினைத்துப் பார்ப்பார். கொடி காய்ந்து பிரிய நியூட்ரோஃபில்கள் அங்கே வந்து வேலை செய்யவேண்டும். அவை குழாயை விட்டு வெளியேற முடியாதபோது கொடி நிற்கிறது, சீழ் உண்டாவதில்லை, இரத்தத்தில் மட்டும் எண்ணிக்கை குவிகிறது.

இந்நோயின் முதல் வகையில் பீட்டா-2 சங்கிலியை உருவாக்கும் மரபணு பழுதாகி, அச்சங்கிலி இல்லாமலோ மிகக் குறைந்தோ போகிறது. பீட்டா-1 பிரிவு கெடாததால், லிம்ஃபோசைட்டுகள் (டி செல்கள் சேர்ந்த வெள்ளணு வகை) விஎல்ஏ-4 உதவியுடன் ஓரளவு வெளியேறிவிடுகின்றன, தவிப்பது நியூட்ரோஃபில்களே. மூன்றாம் வகையில் இன்டெக்ரின்கள் எண்ணிக்கையில் குறையாமல் இருக்கின்றன, ஆனால் கிண்ட்லின்-3 பழுதுபட்டிருப்பதால் அவற்றால் நிமிர முடிவதில்லை. தட்டணுக்களின் இன்டெக்ரினும் அதேபோல் முடங்குவதால் இரத்தக் கசிவும் சேர்ந்துகொள்கிறது. மேலே நான் வலியுறுத்திய வேறுபாட்டுக்கு, அதாவது ஏற்பி இருப்பதற்கும் வேலை செய்வதற்கும் உள்ள இடைவெளிக்கு, இக்குழந்தைகளின் உடலே சான்றாக நிற்கிறது.

தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே இந்நோய் தோன்றும். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. இருவரும் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு அபாயம். இதைப் பழியாக யார்மீதும், முக்கியமாகக் குழந்தையைப் பெற்றவள்மீது, சுமத்தக்கூடாது. தொப்புளில் எண்ணெய், சாம்பல், பொடி எதையும் தடவாமல், பெரியாஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவிலோ அருகிலுள்ள குழந்தை மருத்துவரிடமோ காட்டுங்கள். சிடி18 (பீட்டா-2 சங்கிலியின் மற்றொரு பெயர்) அளவைக் காட்டும் ஓட்டச் செல்லளவிப் பரிசோதனை முதல் வகையைக் கண்டறிய உதவும். கடுமையான வகைக்கு இரத்தத் தாய்ச்செல் (எலும்பு மஜ்ஜை) மாற்றச் சிகிச்சையே முக்கிய வழி. ஆகவே சீக்கிரம் கண்டறிவது உயிர் காக்கும்.

இந்தப் பிடியைத் தடுக்கும் மருந்துகள் உண்டா?

உண்டு. ஆல்ஃபா-4 சங்கிலியைத் தடுக்கும் நாட்டாலிசுமாப், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்காக 2004-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது. ஜேசி வைரஸால் வரும் கொடிய மூளை நோய் சிலருக்கு ஏற்பட்டதால் 2005-இல் நிறுத்தப்பட்டு, கடும் கண்காணிப்பு விதிகளோடு 2006-இல் திரும்பி வந்தது. வெள்ளணுக்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுத்தால், அங்கே பதுங்கும் வைரஸைக் காவல் காக்கவும் ஆளில்லாமல் போகிறது. இதனால்தான் குடலுக்குள் நுழைவதை மட்டும் தடுக்கும் வெடோலிசுமாப், 2014-இல் குடல் அழற்சி நோய்களுக்கு வந்தபோது வரவேற்பைப் பெற்றது. எல்எஃப்ஏ-1 ஐத் தடுக்கும் லிஃபிடெகிராஸ்ட், கண் உலர்வுக்கான சொட்டு மருந்தாக 2016-இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

காசநோயில் நுரையீரல் குழிவிழுவதற்கும் இதற்கும் தொடர்பு என்ன?

தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனையைத் தெரியாத மதுரைக் குடும்பம் குறைவு என்பதால் இதைச் சேர்க்கிறேன். வெள்ளணுக்கள் வலையைப் பிடிப்பதோடு நிற்பதில்லை, அதை வெட்டவும் செய்கின்றன. காசநோய்க் கிருமியை எதிர்கொள்ளும் மேக்ரோஃபேஜ்களும் (கிருமிகளை விழுங்கும் செல்கள்) சுற்றியுள்ள செல்களும் எம்எம்பி-1 என்னும் கொலாஜன் வெட்டும் நொதியை அளவுக்கு மீறிச் சுரக்கும்போது, நுரையீரலின் கொலாஜன் வலை அறுந்து குழி உண்டாகிறது. குழிக்குள் கிருமி பெருகி, இருமலில் வெளியேறி, அடுத்தவரைச் சேர்கிறது.

கொலாஜன் பவுடர் குடித்தால் வெள்ளணுக்களின் பிடிமானம் கூடுமா?

கூடாது. குடித்த கொலாஜன் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு பெப்டைடுகளாகவும் உடைகிறது. பிடிமானத்தை நிர்ணயிப்பது செல்லுக்குள் நடக்கும் சமிக்ஞை.

கல்லூரி ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்க்க வழி உண்டா?

ஓட்டச் செல்லளவி இல்லாத கல்லூரியிலும் பார்க்கலாம். ஆசிரியரின் மேற்பார்வையில், கையுறை அணிந்து, விரல் நுனியில் எடுத்த ஒரு துளி இரத்தத்தைச் சுத்தமான கண்ணாடி வில்லையில் இட்டு, ஈரப்பஞ்சு வைத்த பெட்ரி தட்டில் மூடி, 37 டிகிரியில் அரைமணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். உறைந்த இரத்தத்தை உப்புக் கரைசலால் மென்மையாகக் கழுவிவிட்டு, லீஷ்மன் சாயமிட்டு நுண்ணோக்கியில் பாருங்கள். சிவப்பணுக்களும் பெரும்பாலான லிம்ஃபோசைட்டுகளும் கழுவலில் போயிருக்கும். மடல் பிரிந்த உட்கருவோடு நியூட்ரோஃபில்களும், இடையிடையே மோனோசைட்டுகளும் கண்ணாடியில் விரிந்து ஒட்டியிருக்கும்.

அடுத்து, ஊதா மூடியிட்ட ஈடிடிஏ குழாயில் எடுத்த இரத்தத்தைக் கொண்டு அதையே செய்யுங்கள். ஒட்டியிருக்கும் செல்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். இன்டெக்ரினின் தலையில் பிடிமான இடத்திலேயே மக்னீசிய அயனி ஒன்று அமர்ந்திருக்கவேண்டும். ஈடிடிஏ மக்னீசியத்தையும் கால்சியத்தையும் கவர்ந்துகொள்வதால் பிடி நழுவுகிறது. இன்னொரு வில்லையைப் பனிக்கட்டியின் மேல் வைத்துப் பார்த்தால் அதிலும் பிடிமானம் குறையும், ஏனெனில் இது உயிருள்ள செல் ஆற்றலைச் செலவிட்டுச் செய்யும் வேலை. மூன்று வில்லைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றிலும் பத்துப் புலங்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசியையும் வில்லைகளையும் மருத்துவக் கழிவுக்கான பெட்டியிலேயே போடவேண்டும்.